கொல்கத்தாவில் மாநாடு: காலையில் ஊர், மாலையில் சாப்பாடு

டிசம்பரில் கொல்கத்தாவுக்கு மாநாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். ஆனால் கொல்கத்தா நம் திருநெல்வேலியைவிடப் பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறது, வடக்கேயும் நன்றாக ஏறியிருக்கிறது. திருநெல்வேலியில் ஆறு மணிக்கும் வெளிச்சம் நிற்கிற அதே நாளில் அங்கே ஐந்துக்கு முன்னே பின்னே சூரியன் போய்விடும். மாநாட்டில் கடைசி அமர்வு முடிவதோ ஐந்தரை, ஆறு. “சாயங்காலம் விக்டோரியா மெமோரியலை எட்டிப் பார்த்துவிடலாம்” என்று வீட்டில் உட்கார்ந்து போட்ட திட்டமெல்லாம் இதில் அடிபட்டுப் போகும்.

அதனால் விடிந்ததிலிருந்து எட்டரை வரை ஊரைப் பார்ப்பது, இருட்டிய பிறகு சாப்பிடுவது என்று நாளைப் பிரித்துக்கொண்டோம். நடுவில் இருப்பது மாநாட்டுக்கு. இந்தக் கணக்கு ஒன்று சரியாக இருந்தால் விடுப்பு எடுக்காமலே கொல்கத்தாவை ஓரளவு பார்த்துவிடலாம்.

நான் கல்லூரி நூலகர். உடன் வந்த அக்காவும் எங்கள் பக்கத்துக் கல்லூரி நூலகர்தான், சுத்த சைவம். நான் மீன் சாப்பிடுவேன். இப்படி இருவர் சேர்ந்து போனதில் ஒரு லாபம், ஊரின் இரண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் பார்க்க முடிந்தது.

தங்குமிடத்தில்தான் எல்லாமே தீர்மானமாகிறது. பெரிய மாநாடுகள் இப்போது நியூ டவுனில் உள்ள பிஸ்வ பாங்ளா மாநாட்டு மையத்தில் நடக்கின்றன. அது நகரத்தின் கிழக்கு விளிம்பு, விமான நிலையத்துக்குப் பக்கம். அகலச் சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள். அமைப்பாளர்கள் அனுப்பும் ஓட்டல் பட்டியலும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே தங்கினால் அமர்வுக்கு நேரத்துக்குப் போகலாம், ஆனால் கொல்கத்தாவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் டாக்ஸி பிடிக்க வேண்டும். நாங்கள் எஸ்பிளனேடு பக்கம் அறை எடுத்தோம். மெட்ரோவின் பச்சைத் தடம் ஹவுரா மைதானத்திலிருந்து ஆற்றுக்கு அடியில் புகுந்து, எஸ்பிளனேடு, சியால்தா வழியாக சால்ட் லேக் செக்டர் ஐந்து வரை போகிறது. ஹூக்ளி ஆற்றுக்குக் கீழே செல்லும் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது, நடுவில் விட்டிருந்த துண்டு 2025 ஆகஸ்டில் சேர்ந்தது. செக்டர் ஐந்தில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தால் மாநாட்டு மையம்.

ஒரு எச்சரிக்கை. செக்டர் ஐந்து அவர்களுடைய ஐ.டி. பகுதி. காலை ஒன்பதிலிருந்து பத்துவரை சியால்தாவில் ஏறுகிற கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டே போய்விடும். தோளில் மடிக்கணினிப் பை, கையில் போஸ்டர் சுருள் என்று போகிறவர்கள் எட்டரைக்குள் ஏறிவிடுங்கள், இல்லாவிட்டால் போஸ்டர் வடை மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள். ட்ராமை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1873-ல் குதிரை இழுக்கத் தொடங்கிய அந்த வண்டி இப்போது பெரும்பாலான தடங்களில் நின்றுவிட்டது.

ரயிலில் போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, சாலிமாரில் போய் நிற்கிறது. அழைத்துப் போக வருகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் காலை மல்லிக் காட் பூச்சந்தை. ஹவுரா பாலத்தின் கொல்கத்தா முனையில், பாலத்துக்கு அடியிலேயே ஆற்றங்கரையோரம் இருக்கிறது. விடிவதற்குள் போய்விட வேண்டும். செண்டுமல்லியை ஆரஞ்சு, மஞ்சள் என்று தனித்தனியாக நீளக் கயிறாகக் கோத்து, இருபது முப்பது மாலையை ஒரே கட்டாகத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடுவார்கள். குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள், ஒதுங்காவிட்டால் இடிதான். மல்லிகைப்பூ தேடிப் போன அக்காவுக்கு ஏமாற்றம். ஆனால் அவரை நிறுத்திவைத்தது வேறொன்று. செம்பருத்தி மொட்டுகளை நெருக்கமாகக் கோத்து மாலையாக்கி அடுக்கி வைத்திருந்தார்கள், காளிக்குச் சாத்துவதற்கு. வேலியோரம் கேட்பாரற்றுப் பூக்கிற செம்பருத்தியை நம் ஊர்ப் பூக்கடையில் விலை போட்டு விற்று நான் பார்த்ததில்லை. தரை முழுக்கச் சேறும் மிதிபட்ட இதழும். கழுவக்கூடிய செருப்போடு போங்கள், மாநாட்டு ஷூவோடு போகாதீர்கள்.

அங்கிருந்து படித்துறைக்குள் இறங்கினால் பாலம் தலைக்கு மேலே. 1943-ல் திறந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே சேர்த்தார்கள். பான் போட்டுத் துப்பித் துப்பியே தொங்கு கம்பிகளின் அடிப்பகுதி அரித்துப்போய், கடைசியில் அதற்கு உறை போட்டார்கள். பாலத்தின் மேல் நடந்து ஹவுராவுக்குப் போய், திரும்பும்போது ஃபெரி பிடியுங்கள். சில்லறைக் காசில் பாலத்தை முழுதாக ஆற்றிலிருந்து பார்க்கிற வாய்ப்பு. கட்டணச் சுற்றுலாப் படகு எதுவும் தேவையில்லை.

காலைச் சாப்பாடு ஓட்டலில் இலவசம் என்பதற்காக அங்கேயே பிரெட் ஜாம் சாப்பிடாதீர்கள். தெருமுனை இனிப்புக்கடைகளில் காலையில் கொச்சூரி போடுவார்கள். நம் பூரியைவிடச் சின்னது, பெரும்பாலும் உள்ளே அரைத்த பருப்பு மெல்லியதாக இருக்கும். கூடவே பெருங்காயம் மணக்கும் உருளைக்கிழங்குக் குழம்பு, பல கடைகளில் தோலோடு. இலைத் தொன்னையில் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். முடிக்கும்போது ஒரு சூடான ஜிலிப்பி. சைவக்காரருக்குக் கொல்கத்தாவில் இதைவிட நிம்மதியான சாப்பாடு கிடையாது. அக்கா தினமும் இதையே சாப்பிட்டார். டீ மண்குவளையில், நாலு வாய்க்குத்தான் வரும். ஒன்று போதாது, இரண்டாகச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை நான் மட்டும் டிரெட்டா பஜார் போனேன். போத்தார் கோர்ட் பக்கத்துத் தெருவில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் காலைப் பலகாரம் விற்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவர்கள், 1962 போருக்குப் பிறகு பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். மீன் உருண்டை சூப், ஆவியில் வெந்த பாவ் ரொட்டி, மோமோ. பன்றி இறைச்சி நிறைய, சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். எட்டு மணிக்குப் பாத்திரம் காலி. இப்போது விற்பவர்களில் பலர் சீனர்கள் அல்ல என்று பழைய ஆட்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உண்மைதான், ஆனாலும் அந்த மீன் சூப்புக்காக நான் மறுபடி போவேன்.

மாநாட்டு மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தியாவின் எந்த ஊருக்குப் போனாலும் அதே பனீர் பட்டர் மசாலா, அதே ஐஸ்கிரீம். ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் வேலை நடந்தது. உள்ளூர்ப் பிரதிநிதிகளிடம் “இங்கே எது ஃபேமஸ்?” என்று கேட்டால் இணையத்தில் இருக்கிற பட்டியலையே ஒப்பிப்பார்கள். “நேற்று வெளியே எங்கே சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். கூப்பன் கிழித்துக்கொடுத்த மாணவிகளிடம் அப்படிக் கேட்டதற்கு மறுநாள் மாலையே எங்களைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்கள், விவேகானந்தா பார்க்குக்கு, ஃபுச்கா தின்ன.

பானிபூரி தெரியும், அதுதானே என்று நினைத்தேன். அது இல்லை. உருளைக்கிழங்கைக் கொண்டைக்கடலையோடு கையாலேயே பிசைந்து, பச்சை மிளகாய், வறுத்துப் பொடித்த மசாலா, புளித்தண்ணீர் கொஞ்சம் ஊற்றி அந்த மசியலையே தனியாகத் தின்னலாம் போல ஆக்கிவிடுகிறார் கடைக்காரர். தண்ணீரில் புதினா இனிப்பெல்லாம் இல்லை, புளியும் கந்தராஜ் எலுமிச்சை மணமும். நம் புளி நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். எல்லோரும் வட்டமாக நின்று தொன்னையை நீட்ட, அவர் வரிசை தப்பாமல் ஒவ்வொருவருக்காகப் போட்டுக்கொண்டே வருவார். வாயில் இருப்பதை முடிக்கும் முன் அடுத்தது வந்துவிடும். கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. கடைசியில் தண்ணீர் ஊற்றாத ஒன்று கொசுறு, அது கேட்டால்தான் கிடைக்கும். மாணவிகள் சண்டை போட்டு வாங்கினார்கள். வயிற்றைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் கட்டுரை வாசித்து முடித்த பிறகு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் லேக் மார்க்கெட். மெட்ரோவில் வந்தால் காளிகாட் நிலையத்தில் இறங்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பகுதி. கறிவேப்பிலை, காபித்தூள், அப்பளம், இட்லிக் கடை எல்லாம் உண்டு. முதல் நாளே இங்கே ஓடிவந்து தோசை தின்கிறவர்களை எனக்குப் புரியவே புரியாது. ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பில்டர் காபி கிடைத்ததும் அக்காவின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

இனி சைவக்காரர்களுக்கு முக்கியமானது. வங்காளத்தில் பருப்பு என்றால் பருப்பு மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். மீன் தலையை உடைத்துப் போட்டுப் பருப்பு செய்வது அவர்களுக்கு விசேஷம். முட்டைகோஸ் பொரியலிலும், கீரைக் கூட்டிலும்கூட மீன் தலை வரும். வாங்கும் முன் “நிராமிஷ்?” என்று கேளுங்கள், சைவம் என்பதற்கு அவர்கள் சொல்வது அதுதான். “வெஜ்” என்று மட்டும் சொன்னால் சில சின்னக் கடைகளில் காய் இருக்கிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் சந்துக்குள் இருக்கும் சுவாதீன் பாரத் ஹிந்து ஹோட்டலில் இதைப் பார்த்தோம். பைஸ் ஹோட்டல் என்று இந்த வகைக் கடைகளுக்குப் பேர், ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் சாப்பாடு போட்டதால். பளிங்கு மேசை, வாழை இலை, யாரோடும் பகிர்ந்து உட்கார வேண்டும். அன்றைக்கு என்ன மீன் என்பதைக் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். பரிமாறுகிறவர் பத்துப் பதினைந்து பதார்த்தங்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அக்கா பருப்புக் கிண்ணத்தைக் கை காட்டியதும் அவரே தடுத்து, தன் தலையைத் தட்டிக் காட்டி, “மாச்” என்றார்.

“ஏட்டி, என்ன சொல்லுதாரு? தலைவலியாமா?”

“மீன் தலை போட்டதாம்க்கா.”

“ஐயோ, நல்ல மனுசன்!”

அப்புறம் அவரே பார்த்துப் பார்த்துப் போட்டார். ஆரம்பத்தில் சுக்தோ, பாகற்காயும் வாழைக்காயும் சேர்ந்த கசப்புக் குழம்பு. கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிப்பது அவர்கள் முறை. பிறகு ஆலு போஸ்தோ, உருளைக்கிழங்கில் கசகசாவை அரைத்துவிட்டது. நாம் குருமாவில் ஒரு ஸ்பூன் போடுகிற கசகசாவை அங்கே பிரதானப் பொருளாகவே சமைக்கிறார்கள். வாழைப்பூவில் ஒரு பொரியல், தேங்காய் போட்டு, அது நம் வீட்டுக்கே வந்த மாதிரி. எனக்குக் கடுகு அரைத்த மீன். கடுகெண்ணெய் முதல் நாள் மூக்கில் ஏறும், இரண்டாம் நாள் பழகும், ஊருக்கு வந்த பிறகு தேடும். சோற்றை மொத்தமாகப் பிசைந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கொஞ்சம் சோறு ஒதுக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். நான் குழம்பைக் குளமாகக் கட்டியதைப் பார்த்து எதிரில் இருந்த பெரியவர் சிரித்தேவிட்டார். பில்லில் வாழை இலைக்குத் தனிக் காசு. அது அவர்கள் வழக்கம், ஏமாற்று அல்ல.

காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், புத்தகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மற்ற நாளில் அந்தத் தெருவே புத்தகம். இங்குள்ள காபி ஹவுஸ் பழைய ஆல்பர்ட் ஹாலில் இருக்கிறது, தலைப்பாகை கட்டிய பணியாளர்கள், உயரக் கூரை, மேலே மாடம், காதைப் பிளக்கிற பேச்சுச் சத்தம். காபிக்காகப் போகாதீர்கள். பில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அது சரிப்படாது. உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்காகப் போங்கள். குடிக்க வேண்டுமானால் பக்கத்தில் பாரமவுன்ட் இருக்கிறது, 1918-லிருந்து சர்பத் கடை. இளநீர் சர்பத்தின் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வேதியியல் மேதை பிரஃபுல்ல சந்திர ராய் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். வழுக்கையை அப்படியே போட்டுத் தருகிறார்கள்.

பிரியாணியையும் சொல்லிவிடுகிறேன். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் அரசை இழந்து கொல்கத்தா மெட்டியாபுருஜில் வந்து குடியேறியபோது அவரோடு வந்த சமையல் இது. முழு உருளைக்கிழங்கு ஒன்று உள்ளே இருக்கும். காரம் இல்லை, தால்ச்சா இல்லை, நம் ஊர்க்காரருக்கு முதல் கவளத்தில் சப்பென்று இருக்கும். மசாலாச் சாறு ஊறிய அந்தக் கிழங்கை உடைத்துச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும்போதுதான் விஷயம் புரிகிறது.

பார்க் ஸ்ட்ரீட் டிசம்பர் கடைசியில் முழுக்க விளக்கு, நடக்கவே இடமிருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் போவது புத்திசாலித்தனம். நியூ மார்க்கெட்டுக்குள் நாஹூம் என்ற யூதர் பேக்கரி, 1902-ல் தொடங்கியது. பழக் கேக்குக்கு நீள வரிசை நிற்கும். இந்தியன் மியூசியமும் விக்டோரியாவின் காட்சிக்கூடமும் திங்கட்கிழமை விடுமுறை. விக்டோரியாவைப் பொறுத்தவரை காலை நடைக்காரர்களோடு தோட்டத்தைச் சுற்றி வந்தாலே பாதி பார்த்த மாதிரி.

குளிர் பதினைந்து டிகிரிக்குக் கீழே போகும். உள்ளூர்க்காரர்கள் அதற்கே மங்கி கேப் மாட்டிக்கொள்வதைக் கேலி செய்தபடி போய், விடியற்காலை ஆற்றங்கரையில் நானும் ஒன்று வாங்கினேன். குளிர்காலத்தில் புகைமூட்டம் அதிகம், இழுப்பு உள்ளவர்கள் மருந்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கடைசி நாள் அமைப்பாளர்கள் அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் தொழிலுக்கு அது கோயில். 1836-ல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகத்திலிருந்து வளர்ந்தது. பெல்வெடியர் மாளிகையில் 1953-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. இப்போது நூல்கள் அதே வளாகத்தில் பாஷா பவன் என்ற புதுக் கட்டடத்தில். நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சென்னை கன்னிமாராவுக்குப் போவதுபோல இங்கும் வந்தாக வேண்டும், 1954-ம் ஆண்டுச் சட்டம். எனக்கும் அக்காவுக்கும் அங்கே வேறொரு தேடலும் இருந்தது. தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்த நூல்களும் ஓலைச்சுவடிகளும் இந்த நூலகத்தில்தான் தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவர் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். சொந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் போய் அந்தத் தொகுப்பு இருப்பது பற்றி அக்காவுக்கு வருத்தம். எனக்கு இல்லை. நம் ஊரில் எத்தனை தனியார் நூலகங்கள் கரையானுக்குப் போயின என்பது நூலகர்களுக்குத் தெரியும். ஆய்வுக்காகப் பார்க்க விரும்புகிறவர்கள் கடைசி நாளுக்கு விடாமல் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மாநாட்டுக் கூட்டத்தோடு போனால் கட்டடத்தைத்தான் பார்க்கலாம்.

ஊருக்கு வாங்கிப்போக வேண்டியது நோலன் குர். குளிர்காலத்தில் மட்டும் ஈச்ச மரத்தைச் சீவி இறக்குகிற பதநீரைக் காய்ச்சிய வெல்லம். உடன்குடிக் கருப்பட்டி தின்றவர்களுக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் இதில் புகைமணம் கூடுதல், காரல் குறைவு. திரவமாக வாங்கினால் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், கட்டியாக, பாட்டாலி என்று கேட்டு வாங்குங்கள். ரசகுல்லா டப்பாவும் ஜீராவில் இருப்பதால் செக்-இன் பெட்டிக்குள்தான். சந்தேஷ் என்ற பால் இனிப்பு வாங்கும்போது கடைக்காரர் எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பார். நொரோம் பாக் மெத்தென்று இருக்கும், அன்றைக்கே தின்றுவிட வேண்டும். கொடா பாக் இறுகக் கிளறியது, பயணத்துக்குத் தாங்கும். மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிரைச் சட்டியோடு வாங்காதீர்கள், அதை அங்கேயே, கடை வாசலிலேயே முடித்துவிடுவதுதான் சரி. பொரியும் வெல்லமும் சேர்ந்த ஜெய்நகர் மோவா உருண்டை மட்டும் நாலைந்து நாள் இருக்கும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் பயணப்படி பில்லோடு அதையும் ஒரு பெட்டி கொடுத்தேன். பில் பணம் இன்னும் வரவில்லை, மோவா எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.